ரோஸ் குஞ்சுகள்

ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கையில், எதிர் லாட்ஜ் வாசலில் யாரோ ஈரத் தரையில் ரோஸ் கோலப்பொடி தூவியிருந்தார்கள். அந்தச் சாய நெடி மூக்கில் ஏறியதும், இன்று வாடகை ரூம்கள் நிற்கிற எங்கள் பழைய புழக்கடைக்குப் போய்விட்டேன்.

அங்கே எங்கள் கருப்புக்கோழி நாளெல்லாம் குப்பையைக் கிளறி, புழு கிடைத்தால் கொக்கொக்கென்று குஞ்சுகளைக் கூப்பிடும். ஒரு நிழல் அசைந்தாலும் அவற்றை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு, கழுத்து இறகைச் சிலிர்த்து, அரிசி போட்ட எங்களையே முறைக்கும். அம்மாவும் அதே ரகம்தான். குஞ்சு ஒன்று குறைந்தால் அவளுக்குப் பருந்து, கீரி எதுவும் நினைவுக்கு வராது, வேலிக்கு அந்தப் பக்கம் கோழி வளர்த்த பெரியம்மாதான் வருவாள்.

"அவ கூடையத் தூக்கிப் பாத்தா தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே, இனி யாரும் தன்னுடையது என்று சொல்ல முடியாதபடி, ஒருநாள் எல்லாக் குஞ்சுகளையும் பிடித்து ரோஸ் சாயத்தில் முக்கியெடுத்தாள்.

வெயிலில் காய்ந்ததும் அவை கீச்சுக்கீச்சென்று தாயிடம் ஓடின. கோழி தலையைச் சாய்த்துப் பார்த்தது. யார் வீட்டுக் குஞ்சுகளோ என்று சந்தேகப்பட்டு, ஒவ்வொன்றையும் கொத்தி விரட்டியது. வேலிக்குள் நுழைந்து ஓடியவற்றைப் பெரியம்மா முந்தானையில் அள்ளி, நொய் போட்டு, தன் கூடையைக் கவிழ்த்து மூடிவைத்தாள்.

"உன் கோழி கொத்தியே கொன்னுடும்டீ, இங்கயே கெடக்கட்டும்" என்றாள்.

அம்மா நேரே போய்க் கூடையைத் தூக்கினாள். உள்ளே எல்லாம் ரோஸ்.

"பாத்தியா," என்றாள் என்னிடம், "நான் அப்பவே சொன்னேன்ல."