இடது கண்ணால் பார்த்த மலை

எங்கள் ஊரில் காலையில் எழுந்ததும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. பல் தேய்க்கிறவர்கள் வாயில் நுரையோடு திரும்புவார்கள். பால்காரர் சைக்கிளில் ஒரு கையை விட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டு போவார். இதைப் பக்தி என்று சொன்னால் கொஞ்சம் மிகை, பழக்கம் என்பதுதான் சரி. அந்தப் பழக்கம் என் வீட்டுக்காரரை என்ன செய்தது என்று எனக்குத்தான் தெரியும்.

எழுபதுகளின் கடைசி. அவர் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவே ஓயாமல் போய் வருவார். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கித் தர மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் மட்டும் ராஜா. கல்யாணமான புதிதில் என்னை முன் சீட்டில் உட்கார வைத்து அந்த ராஜ்யம் முழுவதையும் சுற்றிக் காட்டினார். எனக்கு வாந்தி வந்தது. அதைச் சொல்லிச் சொல்லி வருஷக் கணக்கில் சிரித்தார்.

ஒரு புரட்டாசியில் அவருக்கு இடது கண் வலித்தது. கண்ணை உருட்டினால் உள்ளே யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றார். தூசி விழுந்திருக்கும் என்று விளக்கெண்ணெய் விட்டேன். மறுநாள் என் முகத்தைப் பார்த்து, "இன்னா பொட்டு வெளுத்துப் போயிருக்குது?" என்றார். அப்போதுதான் அரக்குக் குங்குமம் வைத்துவிட்டு வந்திருந்தேன். "ஒழுங்கா பாருங்க," என்று எரிந்து விழுந்தேன். அவர் வலது கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு வேலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அறுவடை சமயத்தில் ரோட்டோரம் பாதி தார் வரைக்கும் பரப்பிக் காய வைப்பார்கள். காக்கா ஓட்டுவதற்குப் பிள்ளைகள் குச்சியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பரப்பின் மேல் இவர் இடது சக்கரத்தை ஏற்றிவிட்டார். காவலுக்கு இருந்த பெண் குழந்தை அந்த நேரம் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தது. ஊரே கூடி வண்டியை மறித்து வைதது. இவர் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கண்டக்டர்தான் வந்து சொன்னார். அடுத்த சில நாளில் இடது கண் முழுக்க மங்கிவிட்டது.

வேலூரில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். வலது கண்ணில் டார்ச் அடித்தார், கண்மணி சுருங்கியது. அதே வெளிச்சத்தை இடது கண்ணுக்கு மாற்றினார். சுருங்க வேண்டியது விரிந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற நரம்பு வீங்கியிருக்கு," என்றார். மருந்து எழுதினார். எனக்கு வேண்டியது மருந்து இல்லை, ஒரு வார்த்தை.

"பார்வை வந்துடுங்களா டாக்டர்?"

"நிறைய பேருக்கு வந்துடும்மா. சில பேருக்கு வராது. இவர் எந்தப் பக்கம்னு இன்னைக்குச் சொல்ல முடியாது. சுத்தமா மங்கினவங்களுக்கும் நல்லா வந்திருக்கு. வர்ற சில வாரத்துல தெளிய ஆரம்பிச்சா நல்ல அறிகுறி. தினமும் ஒரே இடத்துல நின்னு, நல்ல கண்ணை மூடிக்கிட்டு, தூரத்துல இருக்கிற ஒரே பொருளைப் பாருங்க. வித்தியாசம் தெரியுதானு கவனிங்க. ஒரு மாசத்துல மறுபடி வாங்க."

தூரத்தில் இருக்கிற ஒரே பொருள். எங்கள் ஊர்க்காரர்களிடம் அப்படிச் சொன்னால் வேறு எதைப் பார்ப்போம்?

மறுநாள் காலையிலிருந்து மொட்டை மாடியில் பரீட்சை. அவர் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மலைப் பக்கம் திரும்பி நிற்பார். நான் பக்கத்தில் நிற்பேன். முதல் நாட்களில் வெறும் சாம்பல் என்றார். பிறகு, "ஏதோ பெருசா நிக்கிற மாதிரி இருக்குது." பிறகு வலது சரிவு. பிறகு உச்சி. ஒரு நாள், "தீபம் ஏத்துற இடத்துல நெய் வழிஞ்சு கருப்பா இருக்கும் பாரு, அது தெரியுது," என்றார். நான் மாடியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுதது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மாமியார் தன் வேண்டுதல் பலித்தது என்று வெறும் காலோடு மலை சுற்றி வந்தார். அவர் ஜாதகம் பார்த்த ஜோசியர், "நான் அப்போதே சொன்னேனே," என்றார். தெளிந்துகொண்டு வருகிற கண்ணுக்கு வேலூர் எதற்கு என்று நாங்களும் போகவில்லை. முதலாளி மட்டும் சுருக்கமாகப் பேசினார். "உன் கண்ணு உனக்குத்தான் தெரியும். தெரியுதுன்னா வந்து வண்டிய எடு."

ஒன்று மட்டும் நான் கேட்கவே இல்லை. என் பொட்டு என்ன நிறம் என்று. பல முறை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மலை அளவுக்குத் தெரிகிறவருக்குப் பொட்டு தெரியாதா என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் பயம்.

கார்த்திகை பிறந்தது. அவர் மறுபடி வண்டி எடுக்க வேண்டிய நாள் விடிந்தது. காக்கிச் சட்டையை நானே பெட்டி போட்டு வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு, வலது கண்ணைப் பொத்தியபடியே மாடிப்படி ஏறினார். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடினால் அது ஏமாற்று வேலை என்பார், அவ்வளவு நாணயம். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நானும் ஏறினேன். ராத்திரி நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது.

அவர் மலைப் பக்கம் திரும்பி நின்றார்.

"இன்னைக்கு ஜாஸ்தியாவே தெரியுது. உச்சி, கருப்பு, கீழ அந்தப் பாறை, எல்லாம்."

நான் பார்த்தேன். மலையைக் காணோம். அடி முதல் நுனி வரை மேகம் மூடி, ஆகாசமும் மலையும் ஒரே வெள்ளையாகக் கிடந்தது. அங்கே ஒரு மலை இருப்பதாக வெளியூர்க்காரனிடம் சொன்னால் நம்பியிருக்க மாட்டான்.

சொல்லாமல் விட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. காக்கிச் சட்டையில் அவர் நின்ற நிற்பு அப்படி.

"கைய எடுத்துட்டுப் பாருங்க," என்றேன்.

எடுத்தார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மறுபடி பொத்தினார், மறுபடி எடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "நான் பொய் சொல்லல. நெஜமாவே தெரிஞ்சுது," என்றார்.

"தெரிஞ்சுதாம்! யார ஏமாத்துறீங்க?" என்று கத்தினேன். பக்கத்து மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"வெயில் வந்ததும் ரோட்டுல மல்லாட்டை காயப் போடுவாங்க. புள்ளைங்க உக்காந்திருக்கும்," என்றார். சட்டையை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

மறுபடி வேலூர் போனோம். டாக்டர் கண்ணுக்குள்ளே பார்த்துவிட்டு, நரம்பு வெளுத்துவிட்டது, இனி வருவது கஷ்டம் என்றார். பொட்டு வெளுத்துத் தெரிந்ததிலிருந்து நடந்ததைச் சொன்னேன். "மலையையா காட்டுனீங்க? பொறந்ததுலேருந்து பாத்துட்டு இருக்கிறத மனசே வரைஞ்சு காட்டிடும்மா. உங்க பொட்டைக் காட்டியிருக்கலாமே," என்றார். முன்னாலேயே வந்திருந்தால் பார்வை கிடைத்திருக்குமா என்று கேட்டேன். இல்லை, முன்னாலேயே தெரிந்திருக்கும், அவ்வளவுதான் என்றார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

முதலாளி அவரை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகப் போட்டார். அவர் ஓட்டிய வண்டியையே தினமும் விசிலடித்து அனுப்பி வைத்தார். வண்டி மூலை திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நிற்பார் என்று கண்டக்டர் சொல்வார். வீட்டுக்கு வரும் சட்டையில் டீசல் வாடை இல்லை. அதன் பிறகு அவர் மலையை வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்ததே இல்லை. எண்பதுகள் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

கருமாதி முடிந்து எல்லாரும் கிளம்பிய மறுநாள் காலையில் மாடிக்குப் போனேன். மலைப் பக்கம் திரும்பி நின்று, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினேன். சரிவு வந்தது. உச்சி வந்தது. கீழே அந்தப் பாறை, மேலே நெய் வழிந்த கருப்பு. ஒன்று விடாமல் தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை.