ஓடிப்போன மண்புழுக்கள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் திட்டுவேன், யோசனை அப்புறம்தான் வரும். கூடுவாஞ்சேரியில் எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில் தொட்டிகளுக்கு மண் செய்தபோதும் அப்படித்தான் ஆனது.

மண்ணை வாங்கினால் போதாதா, செய்வானேன் என்று கேட்பார்கள். பையில் கட்டி விற்கிறார்களே, அது செத்த மண். உரம் போட்டால் செடி நிற்கும், நிறுத்தினால் படுத்துவிடும். எனக்குப் புழு நெளிகிற மண் வேண்டும். நீல டிரம்களைப் பாதியாக அறுத்து அடியில் ஓட்டை போட்டேன். செம்மண், மூன்று தடவை அலசிய தேங்காய் நார்த்தூள், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு, புங்கமரத்தடியில் சுரண்டிய ஒரு கை மண், மேலே காய்ந்த இலை. மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம்.

அந்த உரம் கடலோர நெம்மேலியிலிருந்து வந்தது. செய்து விற்பவர் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பத்து அம்மா ஒருவர். இப்போது நாலு மாடும் புழுத் தொட்டிகளும் வைத்திருக்கிறார். சனிக்கிழமைதோறும் குட்டியானை வண்டியில் மூட்டைகளோடு வருவார். எங்கள் கட்டடத்தில் ஒன்பது வீடுகள் அவரிடம் வாங்கின. அந்த வாடிக்கையைப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான்.

முதல் இரண்டு மாதம் பிரமாதம். இலையை விலக்கினால் புழு, மழை பெய்த மண் வாசனை. கோடை முற்றியதும் கத்தரி இலை ஓரமெல்லாம் கருகியது. புழுக்கள் தொட்டியை விட்டு ஏறி வந்து தரையில் காய்ந்து கிடந்தன. காலையில் என் மனைவி அவற்றைக் கூட்டி அள்ளினாள்.

நான் போனை எடுத்தேன். உரத்தில் எதைக் கலந்தாய் என்று அந்த அம்மாவிடம் கத்தினேன், பதில் சொல்ல விடவில்லை. அதோடு விட்டேனா? அடுக்கக வாட்ஸ்அப் குழுவில், போலி உரம், யாரும் வாங்காதீர்கள் என்று போட்டேன். அந்தச் சனிக்கிழமை வண்டி வந்து நின்றது. ஒரு வீட்டுக்காரரும் கீழே இறங்கவில்லை.

அவர் நேராக மாடிக்கு ஏறி வந்தார். தொட்டிக்குள் கையை விட்டு மண்ணை முகர்ந்தார். விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். துப்பினார். என்ன தண்ணீர் ஊற்றுகிறேன் என்று கேட்டார்.

பெருமையாகச் சொன்னேன். குடிதண்ணீர் மெஷின் கழிவுக் குழாயில் தள்ளுகிற தண்ணீரை வாளியில் பிடித்துக் கொண்டுவந்து ஊற்றுகிறேன், ஒரு சொட்டு வீணாக்குவதில்லை என்று. எங்கள் போர் தண்ணீரே உப்பு. மெஷின் நல்லதை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, உப்பையெல்லாம் அந்த வாளிக்குள்தான் தள்ளுகிறது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தோன்றவில்லை.

"எங்க ஊர்ல கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கி மெட்ராஸுக்கு அனுப்புறாங்க. நீ வூட்லயே கடல் தண்ணி செஞ்சி புழு தலையில ஊத்திகினு கீற. அது ஓடாம இன்னா அண்ணாத்த பண்ணும்?"

என் மனைவி தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்து சிரித்தாள். அந்த வாளித் தண்ணீர் சிந்திக் குளியலறைத் தரை வெள்ளையாகிறது என்று அவள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். நான் காதில் வாங்கவில்லை.

மன்னிச்சிடும்மா என்றேன்.

"என்னாண்ட கேட்டு இன்னா ஆவப்போது? எங்க எழுதினியோ அங்க எழுது. வண்டி கீழ நிக்குது."

அங்கேயே நின்று எழுதினேன்: 'உரம் நல்ல உரம். கெட்டது என் தண்ணீரும் என் வாயும்.' மெஷின் கம்பெனிக்காரனையும் நாலு வரி திட்டியிருந்தேன், மனைவி அழிக்க வைத்தாள். அந்த அம்மா சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். அன்றைக்கு நாலு வீடு மூட்டை வாங்கியது. மற்றவர்கள் திரும்பி வர இரண்டு மாதம் பிடித்தது. அதற்குள் யாராவது தயங்கினால் நானே போய்க் கதவைத் தட்டி, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மழை தொடங்கியதும் தொட்டிகளை நன்றாக நனைய விட்டு உப்பை வெளியேற்றினேன். புது உரம் கலந்தேன், இலையைக் கனமாகப் போட்டேன். புழுக்கள் குடியேறிவிட்டன. கத்தரி காய்க்கிறது. மெஷின் தண்ணீர் இப்போது கக்கூசுக்குப் போகிறது, தொட்டிகளுக்குப் பிடித்து வைத்த மழைத் தண்ணீர்.

இன்றுவரை அந்த அம்மா மூட்டை இறக்குமுன் மாடிக்கு வருவார். என் பூவாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். எல்லார் முன்னாலும்தான். நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். பிறகு கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து டிரைவரிடம் கத்துவார்:

"பாஸாய்ட்டாரு. எறக்கு மூட்டைய."