பீரோவுக்குள் ஒரு போன்

மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததும், வாங்கினால் கடையில் பார்த்த அந்த விலையுயர்ந்த போன்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எங்கள் ஊரில் பதினொன்றாம் வகுப்பே காலேஜில்தான். செம்பூரிலிருந்து மாட்டுங்காவில் இருக்கும் காலேஜுக்குப் போகக் குர்லாவில் மின்சார ரயில் மாற வேண்டும்.

"மழையில வண்டி நின்னுட்டா நான் எப்டி சொல்றது? பழசுல பேட்டரியே நிக்கல" என்றாள்.

"பேசுறதுக்குத்தானே? சாதாரணமா ஒண்ணு போதாதா?" என்று கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவள் அப்பா அதற்குள் கடைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

பழைய போனைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொண்டோம். டி.வி. ரிமோட்டுக்கே பிளாஸ்டிக் உறை போடும் வீடு எங்களுடையது. புதுப் போனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்தின் முன்னால் கிடத்தினேன்.

மறுநாள் காலை மகள் அதைப் பையில் போட்டதும் என் கணவரின் முகம் மாறிவிட்டது.

"இதையா குர்லா கூட்டத்துக்குள்ள கொண்டு போற? எவனாவது அடிச்சிட்டுப் போயிருவாம்மா. வச்சிட்டுப் போ."

நானும் பலமாகத் தலையாட்டினேன். போன் பீரோவுக்குள் போனது. மாலையில் மகள் எடுப்பாள், படுக்கும்முன் திரும்ப வைப்பாள். பக்கத்தில் இருக்கும் என் பட்டுப் புடவைகளாவது கல்யாணத்துக்கு வெளியே போகும். போனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

பிறகு அந்த மழை வந்தது. தண்டவாளத்தில் தண்ணீர், வண்டிகள் நின்றுவிட்டன என்று டி.வி.யில் ஓடியது. காலேஜ் விட்டு மகள் கிளம்பியிருக்கும் நேரம். யோசிக்காமல் அவள் எண்ணை அழுத்தினேன். பீரோ பாட ஆரம்பித்தது. அவ்வளவு இனிமையான ஒலியை அதற்குமுன் இப்படி வெறுத்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள்தான் என்று துண்டித்தேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் துண்டித்தேன். மூன்றாவது முறை திட்டுவதற்காகவே எடுத்தேன்.

"அரே அம்மா, நான்தான்! ஏன் கட் பண்ணிட்டே இருக்க? வண்டிக்குள்ள ஒரு ஆண்ட்டி போன்லேர்ந்து பேசறேன். சயான் ஸ்டேஷன் தாண்டி நிக்குது. வந்துடுவேன், பயப்படாத."

அந்த ஆண்ட்டியின் போன் எப்படிப்பட்டது என்று பிறகு கேட்டேன். திரை விரிசல் விட்டு, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாராம்.

விளக்கு வைத்த பிறகுதான் மகள் வந்து சேர்ந்தாள். முழங்கால் வரை சேறு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நானும் அவள் அப்பாவும் வாசலிலேயே நின்றிருந்தோம். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போன் நனையலையே?" என்றாள்.

அவள் அப்பா துண்டு எடுக்கும் சாக்கில் உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை போனை நானே அவள் பையில் வைத்தேன். பால் கவரைக் கழுவித் துடைத்து, அதற்குள் போட்டுத்தான் வைத்தேன்.