பனியில் கேட்ட 'வாட்டம்'

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். தேயிலைக்கு விலையே இல்லாமல் போய், நீலகிரியில் பேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த சமயம். கோயம்புத்தூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் நான், கட்டட கான்ட்ராக்டரான நண்பர் ஒருவரோடு இரண்டு நாள் ஊட்டிக்குப் போயிருந்தேன். கோல்ஃப் விளையாடத்தான். பெரிய மனிதர்களோடு பழகலாம் என்று ஆசை காட்டி அவர் பழக்கிவிட்ட விளையாட்டு அது. "புதருக்குள்ள பந்து தேடறதுக்கு ஊட்டி வரைக்கும் போகோணுமாக்கும்?" என்று கேட்டுத்தான் என் மனைவி வழியனுப்பினாள்.

மைதானத்தைப் பார்த்ததும் அசந்துபோனேன். மைதானம் என்றால் சமதரை என்று நினைத்திருந்தவன் நான். இங்கே மலையையே அப்படியே விட்டு, அதில் குழி வெட்டிக் கொடி நட்டிருந்தார்கள். ஒரு குழி மேட்டு உச்சியில், அடுத்தது பள்ளத்தில். நடுவில் மஞ்சள் பூ பூத்த முட்புதர்கள். அதற்கப்பால் மலைக்குப் பின்னால் மலை, நீலமாகப் போய்க்கொண்டே இருந்தது. அடித்த பந்து பள்ளத்தாக்கின் மேல் சின்னப் புள்ளியாகி, இறங்க மனசில்லாமல் நின்றது. நான் அடித்த பந்துதானா என்று எனக்கே சந்தேகம்.

மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து வழி சொல்பவரை கேடி என்பார்கள். போலீஸ் தேடும் கேடி இல்லை, இது வேறு. எனக்கு வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். வேலை பார்த்த தேயிலை பேக்டரி மூடிவிட்டதால் இந்த வேலைக்கு வந்திருந்தார். "புது ஆளுங்க. ஆட்டம் முடிஞ்சதும் எப்படின்னு நீங்க சொல்லுங்க. அதை வெச்சுத்தான் இவரை நாளைக்கு வரச் சொல்றதா வேண்டாமான்னு பார்க்கோணும்" என்று சூப்பர்வைசர் அவர் எதிரிலேயே சொன்னார்.

கேடி அதிகம் பேசவில்லை. ஆனால் பந்து எந்தப் புதரில் விழுந்தாலும் நேராகப் போய் எடுத்து வந்தார். கடைசிக் குழிக்கு வரும்போது நான் நண்பரை முந்தும் நிலையில் இருந்தேன். அதுவரை நான் அவரை ஜெயித்ததே இல்லை.

அப்போது பனிமூட்டம் இறங்கியது. குழியைச் சுற்றியிருந்த பச்சைத் தரை நனைந்து மினுமினுத்தது. இடது பக்கம் சரிவு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. "எப்படி அடிக்கிறது?" என்றேன். ஓரத்திலிருந்த புல்லைக் கொஞ்சம் பிடுங்கிக் கைக்குள் வைத்து இறுக்கிவிட்டு, "வாட்டம் இல்லீங்க ஐயா" என்றார்.

தண்ணீர் வடியக் குளியலறைத் தரைக்கு வாட்டம் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். வாட்டம் இல்லையென்றால் சரிவு இல்லை. நேராக, மெதுவாகத் தட்டினேன். பந்து இடது பக்கம் திரும்பி, பாதி வழியில் சோர்ந்து நின்றுவிட்டது. ஆட்டம் போயிற்று. நண்பர் சிரித்த சிரிப்பு என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

நேராகப் போய் சூப்பர்வைசரிடம், "இவருக்கு வாட்டம் பார்க்கவே தெரியலைங்க" என்றேன். அவர் கேடியைப் பார்த்து, "சரிங்க, நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

அந்த மனிதர் பையை இறக்கி வைத்தார். போகத் திரும்பியவர் நின்றார். "என்ன வேணும்னாலும் சொல்லுங்க ஐயா. வாட்டம் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. இருபது வருஷம் பேக்டரி மாடியில வாட்டம் பார்த்த கைங்க இது" என்றார்.

பேக்டரி மாடியில் என்ன சரிவு என்று நான் விழித்தேன். அவரே விளக்கினார். பறித்த கொழுந்தை மாடியில் பரப்பிக் காற்றில் வாடவிடுவார்களாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிக் கையை விரித்தால், வாடிய இலை உருண்டையாகவே நிற்கும், வாடாத இலை பொலபொலவென்று விரியும். ஈரம் எவ்வளவு போயிருக்கிறது என்பதைக் கையாலேயே சொல்லிவிடுவார்கள். அதுதான் அவருக்கு வாட்டம். "புல்லுல ஈரம் நிறைய இருக்கு, பந்து ஓடாது, பலமா அடிங்கன்னுதான் ஐயா சொன்னேன்" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நண்பர் பக்கத்தில் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், தப்பு முழுக்க என்னுடையது என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "இவருக்காகச் சொல்றீங்களாட்ட இருக்குது" என்றார். அப்படியானால் வந்து பாருங்கள் என்று எல்லோரையும் அந்தக் குழிக்கே திரும்பக் கூட்டிப் போனேன்.

அதற்குள் பனி அடர்ந்து குழியும் தெரியவில்லை, கொடியும் தெரியவில்லை. அவர் மறுபடி புல்லை இறுக்கிப் பார்த்தார். "சரிவை நீங்க பாருங்க ஐயா, ஈரத்தை நான் சொல்றேன். முன்ன அடிச்சதுக்கு ரெட்டிப்பா அடிங்க" என்று சொல்லிவிட்டு, குழிக்குப் பக்கத்தில் போய் நின்று குரல் கொடுத்தார். அந்தக் குரலுக்கு ஒரு முழம் வலது பக்கம் தள்ளி, அவர் சொன்ன பலத்தில் தட்டினேன். பந்து வெள்ளைக்குள் போய் மறைந்தது. டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அத்தனை பெரிய மலையில், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத பனியில், ஒரு பிடி புல்லை வைத்து இதைச் சொன்ன மனிதரை நினைத்தால் இன்றைக்கும் சிலிர்க்கிறது. சூப்பர்வைசர் அவரிடம், "காலையில வெள்ளனே வந்துருங்க" என்றார்.

கேடியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சாயங்காலம் வீட்டுக்குப் போயி என்னான்னு சொல்றதுன்னுதாங்க நினைச்சுக்கிட்டு நின்னேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஒருவருக்கு வேலை தெரியவில்லை என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அவர் சொன்னது எனக்குப் புரிந்ததா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் அன்றைக்கு நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம், ஒரு மனிதரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது.