அறுக்காமல் விட்ட சோளம்

புல் காய்ந்துபோகும் மாதங்களில் அந்தப் பண்ணையின் பசுக்கள் மக்காச்சோளத்தை நம்பித்தான் இருந்தன. தாளும் கதிருமாக நறுக்கி, குழியில் கொட்டி, டிராக்டரை ஏற்றி அமுக்கி, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் புளித்துப் பதமாகி நிற்கும். கணவன் போன பிறகு பண்ணைக்காரி ஒரு வருஷம்கூட அறுப்புப் பதத்தைத் தவறவிட்டதில்லை. மணியைக் கடித்துப் பார்ப்பாள். பாதி பால், பாதி மாவு என்று பல்லுக்குத் தெரிந்தால் அன்றே அறுப்பு.

இந்த வருஷம் அந்தச் சோள வயலுக்குள் அவளுடைய தம்பி புகுந்தான். பயிர் முழங்கால் உயரம் இருக்கும்போதே கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடி தூவி, செடிகளைப் பிடுங்கி வளைந்து வளைந்து வழி எடுத்தான். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்ததும் அது ஒரு புதிர்ப்பாதை ஆயிற்று. ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு தொலைந்துபோக வந்தார்கள்.

"ஸ்கூலுக்குப் போற வழியிலயே தொலைஞ்சவன் நீ. இப்ப ஊரையே தொலைக்கறியா?" என்றாள்.

"தொலைக்கறதுக்கும் அனுபவம் வேணும்ல அக்கா."

கோழி வளர்த்தான், செல்போன் கடை வைத்தான், எதுவும் உருப்படவில்லை. இப்போது வயல் வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பும்போது அவன் முதுகு நிமிர்ந்திருந்தது. தொழுவத்திலிருந்து அவள் அதைக் கவனித்தாள்.

ஒரு காலை மணியைக் கடித்தவள் அவனிடம் வந்தாள். "டேய், பதம் வந்துடுச்சு. இந்த வாரமே அறுத்தாகணும்."

"இன்னும் ரெண்டே ரெண்டு ஞாயித்துக்கிழமை அக்கா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள்லாம் வருது. வாக்குக் குடுத்துட்டேன்."

"மாட்டுக்கு யாரு வாக்குக் குடுக்கறது?"

அவன் தோள் தொங்கிப்போயிற்று. அந்தத் தோளை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"சரி, நின்னுட்டுப் போகட்டும்," என்றாள்.

அன்பு என்று அதற்குப் பேர் வைக்கலாம். எந்தப் பேர் வைத்தாலும் மணி முற்றாமல் இருந்துவிடாது.

அந்த இரண்டு வாரமும் அனல் காற்று அடித்தது. அறுக்கும்போது தாள் சருகாகியிருந்தது. டிராக்டர் ஏறி இறங்கியதும் குழி மெத்தைபோல மறுபடி உப்பியது; காற்று உள்ளேயே தங்கிவிட்டது. தண்ணீர் தெளித்தும் பார்த்தார்கள். மூடி வைத்துச் சில வாரம் கழித்துத் தார்ப்பாயை நீக்கிய அன்று, வெள்ளையும் பச்சையுமாய்ப் பூஞ்சணம். கையை விட்டால் உள்ளே சூடு. பசுக்கள் மூக்கை வைத்து முகர்ந்து, ஒரு தடவை ஊதிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டன. அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கேட்டாள். விற்கிற அளவுக்கு யாரிடமும் தீவனம் மிச்சமில்லை.

மாட்டு வியாபாரி லாரியோடு வந்தார். சினைப் பசுக்களை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்றவற்றின் கயிறுகளை அவளே அவிழ்த்துக் கொடுத்தாள்.

லாரி போன பிறகு தம்பி அவள் பக்கத்தில் வந்து நின்றான். "நாலு திட்டாவது திட்டு அக்கா."

"எதுக்கு? கடிச்சுப் பாத்தது நான். தெரிஞ்சே விட்டதும் நான்."

"இல்ல, நான்தானே..."

"போ, போய்க் குழியக் காலி பண்ணு. நாத்தம் தாங்கல."

திட்டு வாங்கியிருந்தால் அழுதுவிட்டாவது தூங்கியிருப்பான். அதைக் கொடுக்கக்கூட அவளிடம் தெம்பில்லை.

மறுநாள் வெளிச்சம் வருவதற்குள் கறவை முடிந்துவிட்டது. வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். துடைப்பத்தை எடுத்துச் சாணியைத் தள்ளிக்கொண்டே தொழுவத்தின் மறுகோடிக்கு வந்தாள். அங்கே கூட்டுவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் கூட்டினாள்.