கிறைப் வாட்டர் மணத்த கல்யாணச் சர்பத்

கல்முனைக் கடைத்தெருவில் அத்தரும் எசன்சும் விற்ற மீராசாஹிபு காக்கா வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் குற்றவாளியானார். குற்றம் செய்தது ஒரு மூலக்கூறு. அது இன்றுவரை தண்டிக்கப்படாததை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

எண்பத்திரண்டாம் ஆண்டு மருதமுனையில் நதீராவின் கல்யாணம். சர்பத்துக்கான புதினா எசன்ஸ் கொழும்புக் கம்பனி ஒன்றின் புதுப் போத்தல். முகர்ந்து பார்க்காமல் கொடுத்த காக்காவுக்கு அன்று கடும் தடிமன், மூக்கடைப்பு. மாப்பிள்ளையின் உம்மா சரீபா ஒரு மிடறு குடித்தார்.

"என்னகா இது, கைப்புள்ளைக்குக் குடுக்கிற கிறைப் வாட்டர் மணக்குது! பொண்ணு வீட்டுல தொட்டிலும் கட்டியாச்சா?"

சிரிப்பு பந்தலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. நிக்காஹ் முடிந்தும் பேச்சு முடியவில்லை. ஊர் வழக்கப்படி பெண்வீட்டில் குடிபுக வேண்டிய மகன் ஜெமீலைச் சரீபா அனுப்பவேயில்லை. நதீரா அழுதுகொண்டிருந்தாள்.

காக்கா போத்தலோடு பாண்டிருப்புக்கு ஓடினார். இரசாயன ஆசிரியர் கனகசபாபதி முகர்ந்தார்.

"காக்கா, புதினா வாசமும் இந்தக் கிறைப் வாட்டர் வாசமும் ஒரே மூலக்கூறுதான். வலக்கை இடக்கை மாதிரி, ஒண்டு மற்றதிண்ட கண்ணாடி உருவம். மாறி வந்திட்டு."

"மூக்குக்கு எப்பிடி சேர் தெரியும்?"

"மூக்கில உள்ள சின்னச் சின்னக் கலங்களுக்கு மெல்லிய கொழுப்புத் தோல் இரிக்கு. அந்தக் கொழுப்புக்கும் வலம் இடம் இரிக்கு. அதில இது ஒருமாதிரிப் பதியும், அது வேறமாதிரி. அதுதான் காரணமெண்டு சிலபேர் சொல்றாங்க. முடிவாத் தெரியா."

உலகத்து விஞ்ஞானிகள் முடிவெடுக்காத வழக்கு! சரீபாவின் மூக்கு ஒரே மிடறில் தீர்ப்பெழுதிவிட்டது.

காக்காவின் புகாரைக் கேட்டுக் கம்பனி முகவர் கடைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடித்தார்.

"ரெண்டுக்கும் நிறை ஒண்டு, கொதிநிலை ஒண்டு, சூத்திரம் ஒண்டு. சாமான் சரி. பிழை உங்கட ஊராக்கள்ர மூக்கில."

ஓர் ஊரின் மூக்கையே பழித்த வாய்க்கு நம் தேநீர் வேறு!

முகவர் எழுந்தபோது வாசலில் இரண்டு இடக்கால் செருப்புகள் கிடந்தன. ஒன்று அவருடையது, மற்றது காக்காவுடையது. அவருடைய வலது செருப்பு காக்காவின் கக்கத்தில் இருந்தது.

"தோல் ஒண்டு, அளவு ஒண்டு, நிறை ஒண்டு. சாமான் சரி தம்பி. பிழை ஒங்கட கால்ல. போட்டுக்கு நடங்க."

முகவர் பஸ் நிலையப் பக்கம் நொண்டிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"மத்தச் செருப்பத் தாங்க."

"சரீபாட வாசல்ல தருவன்."

அந்த வாசலில், இடக்கால் செருப்பு இரண்டோடு நின்று, பிழை கம்பனியுடையது என்று முகவர் ஒப்புக்கொண்டார். சரீபா அவர் காலைப் பார்த்தார். வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை.

"ஜெமீல், பெட்டியத் தூக்குடா, பொண்ணு வீட்டுக்குப் போ. காக்கா, அங்க திரும்பச் சர்பத் கரைக்கச் சொல்லுங்க. முதல் கோப்பை இந்தக் கம்பனிக்காரருக்கு!"