வரிசை பார்க்காத சோதனை

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சோதனை பச்சையாகாவிட்டால் என் வேலை போய்விடும். ஜவ்வாது மலையில் வீட்டிலிருந்தபடியே செய்ய எனக்குக் கிடைத்த ஒரே வேலை அது. போனால் மறுபடி சென்னையில் ஹாஸ்டல் தேட வேண்டும். நினைத்தாலே அழுகை வந்தது.

பஸ் நேரம் காட்டும் ஆப் ஒன்றுக்கு நான் டெஸ்டர். ஆப்பின் நிரல் பஸ்களின் பட்டியலை, ஒவ்வொன்றின் நிறுத்தங்களோடு, எக்ஸ்எம்எல் என்ற வடிவக் கோப்பாகத் தரும். அதைச் சரியான மாதிரிக் கோப்போடு ஒப்பிடும் தானியங்கிச் சோதனை என் பொறுப்பு. பாழாய்ப்போன நிரலோ ஒவ்வொரு முறையும் பஸ்களை வேறு வரிசையில் கொட்டியது. அதே பஸ்கள்தான், முன்பின்னாக. அதற்கே சோதனை தோல்வி என்று சிவப்பு காட்டியது. மறுபடி ஓட்டினேன், மறுபடி சிவப்பு.

நாலரைக்குக் குழுத் தலைவர் போன் செய்தார். "இன்னாம்மா, இன்னும் ஆவலயா?"

"இதோ ஆய்டும் சார்" என்றேன்.

வரிசையைப் பார்க்காதே என்று ஒப்பீட்டுக்குச் சொல்லலாம். பஸ்களுக்கு மட்டும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எப்படியென்று தேட நேரமில்லை. கோப்பு முழுவதற்கும் சொல்லித் தொலைத்தேன். பச்சை! அப்பாடா என்று மேசையில் கவிழ்ந்து விக்கி விக்கி அழுதேன். ஞாயிற்றுக்கிழமை ஆப்பின் புதிய பதிப்பு வெளியானது.

திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டான். அண்ணிக்கு ஒன்பதாம் மாதம்; மலைக்குக் கீழே கலசப்பாக்கத்தில் ஸ்கேன். அந்த வாரம் பஸ் நேரமெல்லாம் மாறியிருந்ததால் ஊரே ஆப்பைத்தான் பார்த்தது.

"ஏழு மணி பஸ்ஸு கீழ போவுதுன்னு போட்டுக்குது. வந்தது மேல போற வண்டி! அடுத்தது பதினோரு மணிக்குத்தானாம். இவளுக்கு வலி வேற எடுக்குது. இன்னா பண்றது சொல்லு!"

நிரல் தந்த கோப்பைத் திறந்து பார்த்தேன். மலையேறும் பஸ்ஸுக்கும் இறங்கும் பஸ்ஸுக்கும் அதே நிறுத்தங்கள்தான். தலைகீழாக எழுதினால் திசை மாறிவிடும். ஏழு மணி பஸ்ஸின் நிறுத்தங்களை நிரல் தலைகீழாக எழுதியிருந்தது. வரிசை பார்க்காத என் சோதனை, இரண்டும் ஒன்றுதான் என்று தலையாட்டியிருந்தது. இதே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள் நான். எனக்குமா தெரியாமல் போகும்? புத்தி எங்கே போயிற்று?

பால் வண்டிக்காரரைக் கெஞ்சி, அண்ணியைக் கூட்டிப்போக நிறுத்தத்துக்கு அனுப்பிவிட்டு, குழுத் தலைவரை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"அது எப்பிடிம்மா? டெஸ்ட்டுதான் பாஸ் ஆச்சே."

"ஆவல சார். நான்தான் பாஸ் ஆவ வெச்சேன்."